மேலே இருக்கிறவனுக்கும் ஒரு டிக்கெட்

ஒன்பது வருஷமாக ஒரு மனிதனோடு தினமும் ஒன்பது மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துப் பேசிய நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு வாரம் தேறுமா என்பது சந்தேகம்.

அவன் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடம் எழும்புகிற இடத்தில், அதைவிட உயரமாக ஒற்றைக் காலில் ஒன்று நிற்குமே, அந்தக் கிரேன். அதன் கழுத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். காலை ஆறரைக்கு ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தான் என்றால் சாயங்காலம்தான் இறங்குவான். கீழே நின்று கம்பிக்கட்டோ பலகையோ ஹூக்கில் மாட்டிவிட்டு வாக்கி டாக்கியில் சொல்வது என் வேலை. தூக்கு. மெதுவா. வலது. இன்னும் கொஞ்சம். நிறுத்து. இறக்கு. வை. ஒவ்வொன்றுக்கும் அவன் "சரி" என்று சொல்ல வேண்டும். அவன் சரி சொல்லாமல் ஒரு ஆணிகூட அசையக் கூடாது. இது நான் போட்ட சட்டம். முதல் வருஷம் அவன் ஒரு தடவை சரி சொல்ல மறந்ததற்கு அப்பன் பாட்டனை எல்லாம் இழுத்துத் திட்டியிருக்கிறேன்.

சைட்டில் அவனுக்கு ஆகாசம் என்று பெயர். எனக்குத் தரை. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு தடவை இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் போய்விடும். சாப்பாட்டு இடைவேளையோ ஒரு மணி நேரம். அதனால் அவனுக்குச் சாப்பாடும் மேலேதான், எல்லாமும் மேலேதான். எல்லாமும் என்றால் எல்லாமும்தான். அதற்கு ஒரு பாட்டில் வைத்திருக்கிறான், மேற்கொண்டு கேட்காதீர்கள். நான் ஏறுகிற கம்பெனி வேன் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அவன் இறங்கி மண்ணை மிதிக்கும்போது மணி ஆறு. இப்படியாக என் ஒரே சிநேகிதனின் குரலை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு நான் திரிந்துகொண்டிருந்தேன்.

எனக்குக் குடும்பம் இல்லை. அதற்கு ஒரு பெரிய கதையும் கிடையாது. பெண் பார்க்க வேண்டிய வயதில் அக்காளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது முடிவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு டிவி உண்டு. அது பேசும், நான் பதில் சொன்னால் அதற்குக் கேட்காது.

விஷயம் நடந்தது ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில்.

வாக்கி டாக்கியில் ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டுதான் பேச வேண்டும். ஒருவர் அமுக்கியிருக்கும்வரை மற்றவர்கள் கேட்கலாமே தவிர, பேச முடியாது. ஆகாசம் மேலே சாப்பிடும்போது வாக்கி டாக்கி உருண்டு விழுந்துவிடக் கூடாதென்று அதைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வான். ஒன்பது வருஷமாகச் செருகியும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பட்டன் அமுங்கிக்கொண்டது.

நாங்கள் இருபது பேர் சிமென்ட் மூட்டை அடுக்கின் நிழலில் டப்பாக்களைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். என்னிடம், கம்பி கட்டுகிற மேஸ்திரியிடம், இன்னும் நான்கைந்து பேரிடம் வாக்கி டாக்கி இருந்தது. அத்தனையிலும் ஒரே நேரத்தில் அவன் சோறு மெல்லுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவன் போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருப்பான்போல.

"ஏங்க, சாப்பிட்டாச்சா?"

அவன் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்க்கிறவள்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"அந்த பார்க் விஷயம். சீக்கிரமே சொல்லணும். அப்புறம் அந்த ரேட்டு கிடைக்காது."

எந்த பார்க் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஓடுகிற பாதி பஸ்ஸின் முதுகில் அதன் விளம்பரம்தான். ராட்சச ராட்டினம், தலைகீழாக ஓடும் ரயில், வாயைப் பிளந்துகொண்டு கத்தும் ஒரு குடும்பம்.

"ம்," என்றான்.

"மூணு நாள். ரூமும் அவங்களுதே, காலையில சாப்பாடு சேர்த்தி. ரெண்டு பெரியவங்க ஒரு குழந்தைன்னாத்தான் அந்தக் கணக்கு. காலையில அவளை நிக்க வச்சு அளந்தேன். இன்னும் ரெண்டு விரக்கடை வளர்ந்தா அவளும் பெரியவ, முழு டிக்கெட்டு. இந்த லீவை விட்டா அப்புறம் நினைச்சுக்கூடப் பாக்க முடியாது."

"சரி."

"என்ன சரி? வாஷிங் மெஷினுக்குன்னு சேர்த்த காசு மொத்தமும் போயிடும். அதுக்கும் சரியா?"

"சரி. உன் இஷ்டம்."

"தங்கச்சி வர்றேங்கறா. அவ வந்தா பாதியை அவ போட்டுக்குவா. ரெண்டு பெரியவங்கன்னு நானும் அவளும் ஆயிடுவோம். உங்களுக்கும் லீவு கேக்கற தொல்லை இல்ல. உயரம் ஒண்ணும் உங்களுக்குப் புதுசு இல்லையே, அதுலயேதானே இருக்கீங்க."

மெல்லுகிற சத்தம் நின்றது. கீழேயும் ஒருவரும் மெல்லவில்லை.

"சரி," என்றான்.

"மனசாரத்தான் சொல்றீங்களா?"

"சரின்னுட்டேனே."

"குழந்தைகிட்டயும் கேட்டேன், அப்பா வரலைன்னா பரவாயில்லையாடின்னு. 'பரவாயில்லம்மா, அப்பா எப்பவும் வர்றதில்லையே'ன்னுட்டா."

நான் எழுந்து ஓடினேன். அவனுக்குத் தெரியப்படுத்த வேறு வழி இல்லை. திறந்த இடத்தில் நின்று சிவப்புக் கொடியைத் தலைக்கு மேலே ஆட்டினேன். நிறுத்து, நிறுத்து என்று இரண்டு கையாலும் காட்டினேன். மேலே கண்ணாடிக்குள் ஒரு கை அசைந்தது. நான் சும்மா அவனுக்கு டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து, அவனும் எனக்குப் பதிலுக்கு ஆட்டினான்.

"ஏங்க, வேணும்னு சொல்லுங்க, இல்ல வேண்டாம்னு சொல்லுங்க. கத்தினாக்கூட எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷமா இந்தச் சரியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

"சரி, சாயங்காலம் பேசலாம்."

"சாயங்காலம் நான் கடையில இருப்பேன். நான் வரும்போது நீங்க தூங்கிடுவீங்க. எப்ப பேசலாம்?"

போன் நின்றுவிட்டது. பட்டன் இன்னும் அமுங்கியேதான் இருந்தது. டப்பா மூடுகிற சத்தம் வந்தது. பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிக்கிற சத்தம். ஒரு நீளமான மூச்சு. அப்புறம் வெகு நேரம் காற்று மட்டும். அத்தனை உயரத்தில் காற்று அப்படிச் சத்தம் போடும் என்று ஒன்பது வருஷத்தில் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு மணிக்கு, தொடைக்கடியிலிருந்து எடுத்திருப்பான், குரல் பக்கத்தில் வந்தது.

"தரை, கேக்குதா?"

"கேக்குது ஆகாசம்."

"ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி மட்டும் தன் டப்பாவைத் தேவைக்கு அதிகமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டீ நேரத்தில் சைட் முழுக்க அதே பேச்சுதான். அவன் காதில் விழாது என்பதால் எல்லோருக்கும் கருத்து இருந்தது.

"தலைகீழாத் தொங்கி வாந்தி எடுக்கறதுக்கு அவ்வளவு காசா?" என்றார் மேஸ்திரி. "என்கிட்ட அதுல பாதி குடுக்கட்டும், நானே காலைப் புடிச்சு சுத்தி விடறேன்."

டீ வண்டி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்னய்யா தெரியும்? நீ சுத்தி விட்டா எவ சிரிப்பா? கடைசியா உன் பொண்டாட்டியோட சேர்ந்து எப்ப சிரிச்ச, சொல்லு பாக்கலாம்."

மேஸ்திரி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

"வாஷிங் மெஷின் பத்து வருஷம் உழைக்கும்," என்றான் கம்பி வளைக்கிறவன்.

"மூணு நாளைப் பத்து வருஷம் பேசலாம்டா," என்றாள் அக்கா. பிறகு குரலைத் தணித்து என்னிடம், "அது சரி, வீட்டுக்காரன் இல்லாம அது என்ன குடும்ப டிக்கெட்டு? நீ சொல்லக் கூடாதா அவர்கிட்ட? நீ சொன்னா கேப்பாரு. அவரு வேற யார் சொல்லியும் கேக்கறதில்ல, நீ சொல்றதை மட்டும்தான் கேக்கறாரு," என்றாள்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று மத்தியானமே சந்தர்ப்பமும் வந்தது. நாலாவது மாடிக்குப் பலகை ஏற்றிவிட்டு அடுத்த லாரிக்காகக் காத்திருந்தோம்.

"தரை."

"சொல்லு."

"இந்த பார்க்குக்கு எல்லாம் அவ்வளவு காசு குடுத்துப் போகணுமா? வீட்டுல கேக்கறாங்க. நீ என்ன நினைக்கற?"

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். காசைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. 'நீயும் போயேன்' என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் வேறொன்று மனசுக்குள் ஓடியது. இவன் மூன்று நாள் இல்லையென்றால் மாற்று ஆள் வருவான். யாரோ ஒருவன். அவனிடம் தூக்கு, இறக்கு தவிர வேறென்ன பேசுவேன்? வீட்டுக்குப் போனால் டிவி.

"அதுல என்ன இருக்கு ஆகாசம்," என்றேன். "நீ பாக்காத உயரமா? காசையும் குடுத்து, வெயில்ல வரிசையில வேற நிக்கணும். அவங்க போகட்டும். நீ இங்க இரு."

"சரி," என்றான்.

எத்தனையோ பாரத்தைப் பார்த்து இறக்கியிருக்கிறேன். ஒரு செங்கல்லைக்கூட ஆள் மேல் இறக்கியதில்லை. அன்றைக்கு இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. என் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து, அவன் மூலமாக அவன் மனைவியிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடை இரண்டு மணிக்குத்தான் திறக்கும்.

மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கதவைத் திறந்ததும் வாயில் விரலை வைத்தாள்.

"அவர் தூங்கறார் அண்ணா. மெதுவா வாங்க."

காலை பத்தரை மணிக்கு அந்த வீடு குசுகுசுவென்று பேசியது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இன்னொரு அறையில் மகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. என்னைப் பார்த்ததும் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். சமையல்கட்டில் குக்கர் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்தால் அவன் எழுந்துவிடுவானாம். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டுகள். 'முட்டை அவிச்சு வச்சிருக்கேன்.' 'ஃபீஸ் கட்டியாச்சு.' 'அப்பா கையெழுத்து வேணும், நாளைக்குக் கடைசி நாள்.' அதற்குக் கீழே அவன் எழுத்தில் ஒரே வார்த்தை: 'சரி.'

அவள் என் கண்ணாடியை எடுத்துத் துடைத்து, என் மூக்கில் மாட்டி, காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்து, மறுபடியும் மாட்டினாள். வேலை தெரிந்த கை.

"எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்கும்மா. எவ்வளவு?"

"அண்ணன்கிட்ட காசு வாங்குவாங்களா? உக்காருங்க, டீ போடறேன்."

மகள் எழுந்து வந்து சமையல்கட்டு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். நிலையில் பென்சில் கோடுகள் ஏணி மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. எல்லாம் அம்மா எழுத்து. மேலே சிவப்பு மையில் ஒரு கோடு.

"அது என்னம்மா சிவப்பு?"

"அதுதான் குழந்தை டிக்கெட் முடியற இடம் மாமா," என்றாள் அவள். "மூச்சை வெளிய விட்டா உயரம் கொஞ்சம் குறையுமா?"

"குறையாது. முட்டியை லேசா மடக்கிக்க, எவனுக்குத் தெரியும்."

"அண்ணா, நீங்க வேற," என்றாள் அவள் அம்மா. சிரிக்க வந்த சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் வேண்டாம்னுதான் சொன்னீங்களாமே."

டீ நாக்கைச் சுட்டது. சுட்டது நல்லதாகப் போயிற்று, உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"'தரையும் வேண்டாம்னுதான் சொல்றார்'னு சொன்னாரு. வெட்டிச் செலவு பண்றேன்னு நினைக்கறீங்க, அதானே?"

"அப்படி இல்லம்மா."

"எனக்கு அந்த ராட்டினத்துல எல்லாம் ஏறணும்னு ஆசை இல்ல அண்ணா. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தாலே எனக்குத் தலை சுத்தும். அங்க ரூம் ஒண்ணுதான். ஒரே கதவு, ஒரே சாவி. மூணு பேரும் ஒரே நேரத்துல எழுந்திருக்கணும், ஒரே நேரத்துல சாப்பிடணும், ஒரே வரிசையில நிக்கணும். ஒருத்தர் தூங்கறாங்கன்னு இன்னொருத்தர் மெதுவாப் பேச வேண்டியதில்ல. அதுக்குத்தான் அவ்வளவு காசும். இங்க அது காசு குடுத்தாலும் கிடைக்க மாட்டேங்குது."

"அப்ப எதுக்கும்மா தங்கச்சியைக் கூப்பிட்டே?"

எனக்கு அவன் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்போல, தன் டம்ளரின் விளிம்பைத் தடவினாள்.

"தங்கச்சிகிட்ட நான் இன்னும் கேக்கவே இல்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"'அது எப்படி, நான் இல்லாமலா'ன்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். கோவமாவது வரும்னு பாத்தேன். சரின்னுட்டாரு. இப்ப நான் என்ன பண்றது? இல்லைங்க, சும்மா சொன்னேன்னு சொன்னா அதுக்கும் சரிம்பாரு. அவருக்கே வரணும்னு தோணணும் அண்ணா. இழுத்துக்கிட்டுப் போனா, அங்கயும் ரூம்ல தூங்கிட்டுத்தான் இருப்பாரு." கண்ணைத் துடைத்தாள். "இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மகள் இன்னும் நிலையில்தான் சாய்ந்து நின்றாள். இவளுக்காவது ஏதாவது சொல்வோம் என்று, "அப்பாவைப் பாக்க முடியலன்னு வருத்தமா கண்ணு?" என்றேன்.

"நான் தினமும் பாக்கறேனே," என்றாள். "எங்க ஸ்கூல் மாடியிலேர்ந்து கிரேன் நல்லாத் தெரியும். இன்டர்வல்ல பாப்பேன். அது திரும்பினா அப்பா இருக்காருன்னு அர்த்தம். வீட்டுலதான் பாக்கறதில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டாள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். படியில் இறங்கும்போது பளிச்சென்று எல்லாம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காற்று பிடித்துக்கொண்டது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே காற்று அடித்தால் கிரேனை ஓட்டக் கூடாது. பிரேக்கை விடுவித்துவிட்டால் அதன் நீளக் கை காற்றுப் போகிற பக்கம் தானாகத் திரும்பி நிற்கும். பத்து மணிக்கே ஆகாசம் இறங்கிவிட்டான். தகரக் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்தான். எனக்கு எப்போதும் போல ஆச்சரியமாக இருந்தது. குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா!

"காத்து எப்ப நிக்கும் அண்ணே?" என்றான். கீழே வந்தால் நான் அவனுக்கு அண்ணன்.

"உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்," என்றேன். "போன புதன்கிழமை நீ வீட்டுல பேசினது எங்களுக்குக் கேட்டுச்சு. பட்டன் அமுங்கியிருந்துச்சு."

"எது?"

"எல்லாம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவன் வாக்கி டாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அதான் டீக்கார அக்கா காசு வாங்க மாட்டேன்னாங்களா," என்றான்.

"ரெண்டாவது. உன்னைப் போக வேண்டாம்னு சொன்னது உனக்காக இல்ல. எனக்காக. நீ மூணு நாள் இல்லேன்னா எனக்குப் பேச ஆள் கிடையாது. அதான் வாயில அப்படி வந்துச்சு. அது தப்பு."

சொல்லத் தொடங்கியதை முடித்துவிடலாம் என்று மகள் சொன்னதையும் சொன்னேன். தங்கச்சி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது என்னிடம் கொடுத்து வைத்தது.

"எந்த மாடி?" என்றான்.

"ஸ்கூல் கூரையில நீலத் தண்ணித் தொட்டி இருக்கே, அதுக்குக் கீழ."

"அந்தத் தொட்டியை வச்சுத்தான் நான் கிரேனையே திருப்பறேன்," என்றான் மெதுவாக. "வலதுன்னு நீ சொன்னா, தொட்டி வர்ற வரைக்கும் திருப்புவேன். தினமும் நூறு தடவை பாக்கறேன் அண்ணே அந்தத் தொட்டியை."

அப்புறம் எழுந்தான். முகத்தைக் கழுவினான். "நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றான். சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு, காற்றில் சட்டை புடைக்க கேட்டைத் தாண்டிப் போனான்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் என்னிடம் சரி தவிர எதுவும் பேசவில்லை. தூக்கு, சரி. மெதுவா, சரி. வை, சரி. இத்தனை வருஷம் அவன் மனைவி எதைச் சாப்பிட்டு வாழ்ந்தாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம், ஹூக்கை மேலே இழுத்து நிறுத்திய பிறகு, "தரை, கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"அடுத்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் நான் இல்ல. மாத்து ஆள் வருவான்."

நான் வாக்கி டாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நேரா கடைக்குத்தான் போனேன். நானும் வரேன்னு சொன்னேன். அவ கையில லென்ஸை வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அப்புறம், 'ஐயோ, தங்கச்சிகிட்ட இப்ப வேண்டாம்னு சொல்லணுமே'ன்னு சொல்லிச் சிரிக்கறா. எதுக்கு அப்படிச் சிரிச்சான்னே தெரியல."

"சரி," என்றேன். நான் அவனுக்குச் சரி சொன்னது அதுதான் முதல் தடவை.

மாற்று ஆள் கெட்டவன் இல்லை. கை சுத்தம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்துவிடுவான், அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பி. வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை உபரியாக வராது. "அங்க காத்து எப்படி?" என்று திங்கட்கிழமை கேட்டுப் பார்த்தேன். "லிமிட்டுக்குள்ளதான்," என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது! செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு கிரேனின் அடிக்காலுக்குப் போனேன். மேலே கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட எனக்கு என்னவோ பிடித்திருந்தது.

போன் அடித்தது.

"தரை, கேக்குதா?"

குரல் நடுங்கியது.

"கேக்குது ஆகாசம். என்னாச்சு?"

"ராட்டினத்துல இருக்கேன். உச்சியில நிறுத்திட்டான். கால் ரெண்டும் வெடவெடங்குது அண்ணே. கண்ணைத் திறக்க முடியல."

"யாருக்கு? உனக்கா?"

"எனக்குத்தான். சிரிக்காத. என் கையில லீவர் இல்ல. கீழ எவனோ பட்டனை அமுக்கறான், அவன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. எப்ப தூக்குவான் எப்ப இறக்குவான்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். அங்கன்னா கீழ நீ இருப்ப."

நான் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு சின்னக் குரல், "அப்பா, கண்ணைத் திற, கண்ணைத் திறப்பா, கடைசியில ஒரு நீலத் தொட்டிகூடத் தெரியுது!" என்று கத்தியது. இன்னொரு குரல், "ஐயோ, இறக்குங்கடா!" என்றது. பஸ் ஜன்னலுக்கே தலை சுற்றுகிறவள்!

"பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்காங்க. கையைப் புடிச்சுக்கிட்டிருக்காங்க."

"அப்ப என்கிட்ட என்ன பேச்சு? நான் சொல்றதைக் கேளு. மூச்சை விடு. இப்ப இறக்குவான். மெதுவாத்தான் இறக்குவான். போனைப் பாக்கெட்ல போட்டுட்டு ரெண்டு கையையும் அவங்ககிட்ட குடு."

"சரி," என்றான்.

போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டான். அணைக்க மறந்துவிட்டான். தொழில் செய்கிற இடம் மாறினாலும் புத்தி மாறுமா? துணி உரசுகிற சத்தம் வந்தது, காற்று வந்தது. பிறகு ராட்டினம் அசைந்திருக்க வேண்டும், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. ஒன்பது வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இறங்கினார்கள். யாரோ செருப்பைத் தேடினார்கள். அவள் ஐஸ்க்ரீம் விலையைக் கேட்டு அலறினாள். பிறகு வாங்கினாள்.

"அப்பா, இன்னொரு தடவை போலாமா?" என்றாள் மகள்.

நான் மெல்லுவதை நிறுத்தினேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவன் மனைவிக்கும் தெரிந்திருக்கும்.

"வேண்டாம்!" என்று அவன் கத்தினான். "வேண்டவே வேண்டாம்! என்னைக் கொன்னாலும் ஏற மாட்டேன்!"

அவன் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தாமல், யாரும் தூங்காத இடத்தில், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். அவன் இன்னும் பலமாகச் சொன்னான். மகளும் சேர்ந்துகொண்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கலாம். சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது, அதுவரை எனக்குத் துணையாக இருந்திருக்கும். அந்தப் புதன்கிழமை வேறு வழியில்லாமல் கேட்டேன். இன்றைக்கு என் கையில் பட்டன் இருந்தது.

சோற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனை நானே அணைத்தேன்.